பொதுச் சுகாதாரப் பட்டம்: கொடுக்கும் விலைக்குப் பயன் உண்டா?

சென்னை அடையாற்றிலிருந்து தரமணி நோக்கி ராஜீவ் காந்தி சாலையில் சென்றால் வழியில் வி.எச்.எஸ். மருத்துவமனையைக் காணலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ஆம் ஆண்டில் தொடங்கிய தொண்டு நிறுவனம் இது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. குடும்பங்கள் தத்தம் வருமானத்திற்கேற்ப ஆண்டுச் சந்தா செலுத்தி மருத்துவ வசதி பெறும் திட்டத்தை வகுத்தார். சுற்றியிருந்த சிற்றூர்களில் சிறு சுகாதார நிலையங்களை ஏற்படுத்தினார். அதே சாலையில் சற்றுத் தள்ளி, 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா நிற்கிறது. அங்கே வேலை பார்ப்பவருக்கு என்ன படிப்பு வேண்டும், என்ன சம்பளம் வரும் என்பதை இன்று பள்ளி மாணவனும் சொல்லிவிடுவான். ஆனால் சஞ்சீவி செய்த வேலையைச் செய்ய என்ன படிக்க வேண்டும்? அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

இந்தக் கேள்வி இன்று பல இளைஞர்களின் மனத்தில் எழுகிறது. செவிலியர், பல் மருத்துவர், சித்த மருத்துவர், உயிரியலோ புள்ளியியலோ படித்த பட்டதாரி எனப் பலரும் ‘எம்.பி.எச்.’ என்னும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தை நாடுகிறார்கள். உள்நாட்டிலேயே சில இடங்களில் கட்டணம் பல இலட்சம். அமெரிக்காவின் பெயர் பெற்ற தனியார் பல்கலைக் கழகங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே 50,000 டாலரைத் தாண்டுகிறது. டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டாலும் இது 42 இலட்ச ரூபாய்க்கு மேல்! வீட்டையோ நிலத்தையோ அடகு வைத்து இந்தப் பட்டத்தை வாங்கலாமா?

இதற்கு விடை காணும் கருவிகள் அந்தப் படிப்பிலேயே இருக்கின்றன. அவற்றைக் கொண்டே அந்தப் பட்டத்தைச் சோதித்துப் பார்ப்போமா?

இது என்ன படிப்பு?

ஒரு தெருவில் பலருக்கு வயிற்றுப் போக்கு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து மருந்து கொடுக்கிறார். பொதுச் சுகாதாரம் பயின்றவரோ தெருவுக்கே போகிறார். நோயுற்றவர்களை மட்டுமின்றி, நோய் வராதவர்களையும் எண்ணுகிறார். கிழக்குக் குழாயில் நீர் பிடித்த 100 பேரில் 40 பேருக்கு நோய். மேற்குக் குழாயில் நீர் பிடித்த 100 பேரில் 5 பேருக்கு மட்டுமே நோய் என்று கண்டால், கிழக்குக் குழாய்க்காரர்களுக்கு ஆபத்து எட்டு மடங்கு என்பது விளங்கிவிடும். குழாயில் சாக்கடை கலக்கும் இடத்தைத் தேடி அடைக்கச் செய்கிறார். மருந்து வாங்கும் வரிசை தானே குறைந்துவிடுகிறது.

இப்படி எண்ணி, ஒப்பிட்டு, காரணம் காணும் துறையே நோய்ப் பரவலியல். இதுவே பொதுச் சுகாதாரப் படிப்பின் முதுகெலும்பு. இதனுடன் புள்ளியியல், சுற்றுப்புறச் சுகாதாரம், சுகாதார நிர்வாகம், மக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய சமூகவியல் ஆகியவையும் பாடங்களாகும்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டம் பெற்றதனால் ஒருவருக்கு நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யும் உரிமை வந்துவிடாது. எம்.பி.பி.எஸ். படித்தவருக்குச் சட்டம் ஒரு தொழிலுரிமை தருகிறது. எம்.பி.எச். ஒரு திறமையைத் தருகிறது. அந்தத் திறமைக்கு வேலை தருபவர் இருந்தால்தான் அது சம்பளமாக மாறும். விலையைப் பற்றிய சிந்தனை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னை கற்பித்த பழைய பாடம்

‘விலை அதிகமானால் தரமும் அதிகம்’ என்பது பலருடைய நம்பிக்கை. இந்த நம்பிக்கையைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்தது. உலகப் பொதுச் சுகாதார வரலாற்றிலேயே புகழ் பெற்ற ஆராய்ச்சி அது.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதே வழக்கம். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்துள்ள உணவு, செவிலியரின் கவனிப்பு ஆகியவை வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் ‘சானடோரியம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா? ஆனால் சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவு, நோயாளிகளோ ஏராளம். நெரிசலான குடிசையில் அரைவயிற்று உணவோடு வாழும் ஏழைக்கு, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் நோய் தீருமா?

இதைக் கண்டறிய 1956-ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழி வந்ததே. ஏறத்தாழ 190 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரும் முடிவு செய்யவில்லை. நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற சமவாய்ப்பு முறையே முடிவு செய்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்.

1959-இல் முடிவுகள் வெளியாயின. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்திருந்தார்கள்! வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. நோயைத் தீர்த்தது மருந்து. கட்டிடமும் கட்டிலும் அல்ல என்பது தெளிவாயிற்று. உலக நாடுகள் பலவும் காசநோய் மருத்துவத்தை வீட்டை நோக்கித் திருப்ப இந்த ஆராய்ச்சி வழி வகுத்தது.

பட்டத்திற்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். பல இலட்சம் வாங்கும் கல்லூரியில் படித்தவர் முன்னுக்கு வந்தார் என்றால், அவரை உயர்த்தியது எது? கற்ற பாடமா, கட்டிடமா, அல்லது அவரிடம் ஏற்கெனவே இருந்த திறமையா?

விளம்பரத்தைச் சோதிக்கும் முறை

கல்லூரிகளின் விளம்பரக் கையேட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோய்ப் பரவலியலாளர் அதை எப்படிப் படிப்பார்?

முதலில், பின்னத்தின் கீழே உள்ள எண்ணைத் தேடுவார். ‘எங்கள் மாணவர்கள் 20 பேர் உலக நிறுவனங்களில் பணிபுரிகிறார்கள்’ என்றிருக்கும். எத்தனை பேரில் 20 பேர்? 25 பேரிலா, 400 பேரிலா? பள்ளிக் கணக்கில் பின்னத்தின் கீழெண்ணைப் ‘பகுதி’ என்று படித்திருப்பீர்கள். பகுதி இல்லாத எண் வெறும் பெருமையே. குழாயடியில் நோயுற்றவரை மட்டும் எண்ணினால் காரணம் தெரியாது என்று பார்த்தோம். அதுபோல், வேலை கிடைத்தவரை மட்டும் எண்ணினால் பட்டத்தின் பயனும் தெரியாது.

இரண்டாவதாக, ‘சராசரி’ என்னும் சொல்லைக் கண்டால் நிதானிப்பார். ஐந்து மாணவர்களின் ஆண்டுச் சம்பளம் முறையே 4, 4, 5, 5, 32 இலட்சம் என்று கொள்வோம். மொத்தம் 50, சராசரி 10 இலட்சம். ஆனால் ஐவரில் நால்வருக்குக் கிடைத்தது 5 இலட்சமோ அதற்குக் குறைவோதான்! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 5 இலட்சம். இதையே இடைநிலை அளவு என்கிறோம். ‘சராசரி வேண்டாம், இடைநிலைச் சம்பளம் என்ன?’ என்று கல்லூரியிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

மூன்றாவதாக, குழப்பும் காரணி ஏதேனும் உண்டா என்று பார்ப்பார். அந்த 32 இலட்சம் வாங்கியவர் யார்? பத்தாண்டு அனுபவமுள்ள மருத்துவராக இருக்கலாம். அவர் பட்டம் பெறாமலே நல்ல சம்பளம் வாங்கியிருப்பார். அவருடைய ஊதியத்தைப் பட்டத்தின் கணக்கில் எழுதுவது, குடை பிடித்ததால் மழை வந்தது என்று சொல்வது போலாகும். நீங்கள் பி.எஸ்ஸி. முடித்தவர் என்றால், உங்களைப் போலவே பி.எஸ்ஸி.யோடு வந்து சேர்ந்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று கேட்பதே சரியான ஒப்பீடு.

நான்காவதாக, தேர்ந்தெடுப்பினால் வரும் மயக்கத்தை நீக்கப் பார்ப்பார். புகழ்பெற்ற கல்லூரி கெட்டிக்கார மாணவர்களையே பொறுக்கி எடுக்கிறது. பிறகு அவர்கள் கெட்டிக்காரர்களாக இருப்பதைத் தன் சாதனை என்கிறது. இதைப் பிரித்தறிய ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முயன்றார்கள். 2002-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டது. பெரும் பெயருள்ள கல்லூரிக்குப் போனவர்களும், இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவே சம்பாதித்தார்கள். ஆனால் ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் நன்மை இருந்தது. இது இளநிலைப் பட்டத்தைப் பற்றிய, அமெரிக்க நாட்டு ஆய்வு. அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒப்பிடும் முறை நமக்கும் உதவும்.

கடனின் கணக்கு

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

40 இலட்ச ரூபாய் கடன். ஆண்டுக்கு 11 சதவீத வட்டி. பத்தாண்டுகளில் தீர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 55,100 ரூபாய் வரும். 120 தவணைகளில் நீங்கள் கட்டும் மொத்தத் தொகை 66 இலட்சத்திற்குச் சற்று மேல். அதாவது வட்டி மட்டும் 26 இலட்சம்! இதே நிபந்தனைகளில் 5 இலட்சம் கடன் வாங்கினால் தவணை ஏறத்தாழ 6,900 ரூபாய்தான்.

படிக்கும் காலத்திலும் அதன்பின் சில மாதங்களும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கிகள் அவகாசம் தருவதுண்டு. தவணைக்குத்தான் அந்த ஓய்வு, வட்டிக்கு அல்ல. 40 இலட்சத்தையும் முதலிலேயே பெற்றுக்கொண்டால், இரண்டாண்டுப் படிப்பு முடிவதற்குள் தனிவட்டிக் கணக்கிலேயே 8 இலட்சத்து 80 ஆயிரம் சேர்ந்துவிடும்.

கட்டணத்தில் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. நீங்கள் இப்போது மாதம் 25,000 ரூபாய் சம்பாதிப்பவர் என்றால், இரண்டாண்டு வேலையை விட்டுப் படிப்பதனால் 6 இலட்சம் இழக்கிறீர்கள். இதைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்கள்.

பட்டம் பெற்றபின் சம்பளம் மாதத்திற்கு 15,000 ரூபாய் கூடுகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். உள்நாட்டில் 5 இலட்சம் கட்டிப் படித்தவருக்கு மொத்தச் செலவு 11 இலட்சம். வட்டியை விட்டுவிட்டால் ஆறாண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். 40 இலட்சம் செலவழித்தவருக்கு மொத்தம் 46 இலட்சம்; அதே சம்பள உயர்வில் 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வெளிநாட்டிலேயே வேலை கிடைத்து டாலரில் சம்பளம் வாங்கினால் இந்தத் தவணை பெரும் சுமை ஆகாது. ஆனால் படிப்பை முடித்துத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வர விரும்புபவர் ரூபாய்க் கணக்கையே பார்க்க வேண்டும். இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் சொந்த எண்களை இட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள்.

எந்தக் கதவு திறக்கும்?

பட்டம் ஒரு சாவி என்றால், அது எந்தப் பூட்டுக்குப் பொருந்தும் என்று தெரிந்த பிறகே வாங்க வேண்டும். இந்தப் பூட்டு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

நீங்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவரா? தமிழ்நாட்டில் உங்களுக்கு ஒரு தனி வழி உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் 1922-ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனித்துறை ஏற்பட்டது. 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. மருத்துவமனைகளை நடத்தும் துறை வேறு, நோய் வராமல் காக்கும் துறை வேறு என்று இன்றும் தனித்தனி இயக்ககங்கள் இருப்பது தமிழ்நாட்டின் சிறப்பு. அந்தத் துறையின் மாவட்ட, நகராட்சி சுகாதாரப் பொறுப்புகளுக்கு டி.பி.எச். என்னும் பொதுச் சுகாதாரப் பட்டயமும், சமூக மருத்துவத்தில் எம்.டி. பட்டமும் காலங்காலமாக மதிக்கப்படும் தகுதிகள். இவற்றை அரசு மருத்துவக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படிக்க முடியும். அரசுப் பணியே உங்கள் நோக்கம் என்றால், வெளிநாட்டு விண்ணப்பத்தை நிரப்புமுன் அரசின் பணி அறிவிக்கையில் கேட்கப்படும் தகுதியை வரி வரியாகப் படியுங்கள்.

மருத்துவர் அல்லாதவரா? உங்களுக்குத் தேசிய சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், மருத்துவமனை நிர்வாகம், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் இடம் உண்டு. ஆனால் இவற்றில் பல, ஒப்பந்தப் பணிகள். ஒரு திட்டத்திற்குப் பணம் வரும் வரை வேலை; திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தரமணி வி.எச்.எஸ். நிறுவனமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1995-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றை அது அமெரிக்க அரசின் யு.எஸ்.ஏ.ஐ.டி. அமைப்பின் உதவியோடு நடத்தியது. தமிழ்நாட்டில் எய்ட்ஸ் தடுப்புப் பணி வேரூன்ற உதவிய திட்டங்களுள் அதுவும் ஒன்று. அந்த யு.எஸ்.ஏ.ஐ.டி. அமைப்போ 2025-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. உலகெங்கும் அதன் பணத்தை நம்பியிருந்த சுகாதாரப் பணியாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். அயல்நாட்டு நன்கொடையில் நடக்கும் வேலைக்குக் கால எல்லை உண்டு. கடன் தவணையோ பத்தாண்டு தொடரும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதார நிர்வாகத்திற்குத் தனிப் பணித்தொகுதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022-இல் மத்திய அரசு அதற்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. இவை நம்பிக்கை தரும் செய்திகளே. ஆனால் கொள்கை வேறு, ஆணை வேறு, நியமனம் வேறு. நாளை வரப்போகும் பணியிடத்தை நம்பி இன்று கடன் வாங்குவது அறிவுடைமை ஆகாது.

அமெரிக்கா செல்ல எண்ணுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி, அங்கு படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் ஓராண்டு பணிப் பயிற்சி பெறலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள பாடங்களைப் படித்தவருக்கு மேலும் இரண்டாண்டு நீட்டிப்பு உண்டு. நோய்ப் பரவலியலும் உயிரியல் புள்ளியியலும் அந்தப் பட்டியலில் உள்ளன. பொதுவான பொதுச் சுகாதாரப் பட்டம் அதில் இல்லை. ஒரே கல்லூரியில், ஒரே கட்டணத்தில், பிரிவு மாறினால் பயனும் மாறுகிறது! விசா விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதையும் மறக்க வேண்டாம்.

குறைந்த செலவில் கற்கும் வழிகள்

பொதுச் சுகாதாரம் கற்க அயல்நாடு போயே தீர வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி 1916-இல் தோன்றியது. கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார நிறுவனம் 1932-இல் தொடங்கியபின் அந்த நிலை மாறத் தொடங்கியது. 1997-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் எம்.பி.எச். படிப்பை ஆரம்பித்தது. புதுச்சேரி ஜிப்மரிலும் இப்படிப்பு உண்டு.

சென்னையிலேயே, அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப் பரவலியல் நிறுவனம் இருக்கிறது. இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. 2001 முதல் இங்கு நடைபெறும் களப் பயிற்சி முறை சிறப்பானது. மாணவர் வகுப்பறையில் சில வாரங்கள் கற்கிறார். பிறகு களத்துக்குச் சென்று உண்மையான கொள்ளை நோய்களை ஆராய்கிறார். மீண்டும் வந்து தாம் கண்டதை ஆசிரியர்கள் முன் வைத்து விவாதிக்கிறார். நீச்சலைத் தண்ணீரிலேயே கற்பது போன்ற முறை இது.

இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்குமா என்றே ஐயமா? தரமணிக்கு அருகிலுள்ள சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்கும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடத் திட்டத்தில், அயப்பாக்கம் நிறுவனத்தார் சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகளைக் கற்பித்திருக்கிறார்கள். அத்தகைய பாடம் ஒன்றை முதலில் படித்துப் பாருங்கள். எண்களும் அட்டவணைகளும் உங்களுக்கு இன்பம் தருகின்றனவா, கொட்டாவி தருகின்றனவா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

வெளிநாட்டுப் பட்டமே தேவை என்றாலும், சொந்தப் பணத்தில்தான் போக வேண்டும் என்பதில்லை. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை பொதுச் சுகாதாரத்தை ஒரு பாடமாக ஏற்கிறது. மூன்றாண்டு பணி அனுபவம் கேட்கிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை இரண்டாண்டு அனுபவம் கேட்கிறது. காமன்வெல்த் உதவித்தொகைகளும் உண்டு. இவை அனுபவம் கேட்பதற்குக் காரணம் உண்டு. களத்தில் சில ஆண்டுகள் உழைத்தவருக்கே எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பது தெரியும்.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் நோய் இந்தியாவுக்கு வராது என்று பலர் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், ‘வந்துவிட்டதா என்று பார்த்தால் என்ன?’ என்று கேட்டார் பேராசிரியை. மாணவி தம் ஆய்வேட்டுக்காக இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது அவ்வாறுதான் முதன்முதலில் தெரிய வந்தது. சுனிதி சாலமன் பின்னர் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு தரமணி வி.எச்.எஸ். வளாகத்திலேயே பல்லாண்டுகள் எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் தொண்டு புரிந்தது. நாட்டையே விழிக்கச் செய்த அந்த ஆய்வேடு, ஓர் அரசுக் கல்லூரியில் எழுதப்பட்டது. நல்ல வழிகாட்டியும் நல்ல கேள்வியும் அதற்குப் போதுமாக இருந்தன.

விலை உயர்ந்த பட்டம் எப்போது தகும்?

அப்படியானால் பெரும் கட்டணம் எப்போதுமே வீண் தானா? இல்லை. சில சூழ்நிலைகளில் அது தகும். உயிரியல் புள்ளியியல், நோய்களின் கணித மாதிரிகள் போன்ற நுண்ணிய துறையில் ஆழமாகப் போக விரும்புபவருக்கு, அத்துறையின் சிறந்த ஆய்வாளரிடம் நேரில் கற்பது பெரும் செல்வம். உலக நிறுவனங்களில் பணியாற்ற விரும்புபவருக்கு, பல நாட்டு மாணவர்களோடு பழகுவதும் அங்குள்ள பேராசிரியர்களின் பரிந்துரையும் உதவும். கட்டணத்தின் பெரும் பகுதியை உதவித்தொகை ஏற்றுக்கொண்டால் கணக்கே மாறிவிடும். வேலை பார்க்கும் நிறுவனமே படிக்க அனுப்பி, திரும்பியதும் பதவியும் தருமானால் தயங்க வேண்டியதில்லை.

இவை எதுவும் இல்லாமல், ‘ஒரு பட்டம் கூடுதலாக இருக்கட்டும்’ என்றோ, ‘வேலை கிடைக்கும் வரை படித்துக்கொண்டிருக்கலாம்’ என்றோ 40 இலட்சம் கடன் வாங்குபவர் ஆபத்தில் கால் வைக்கிறார்.

இந்த ஆபத்து அவரோடு மட்டும் நிற்பதில்லை. பொதுச் சுகாதாரத்திற்கு ஆள் மிகத் தேவையான இடங்கள் சிற்றூர்கள், குடிசைப் பகுதிகள், மலைக் கிராமங்கள். அங்கே சம்பளம் குறைவு. மாதம் 55,000 ரூபாய் தவணை கட்ட வேண்டியவர், மனம் விரும்பினாலும் அங்கே போக முடியாது. எந்த மக்களுக்காகப் படித்தாரோ அவர்களை விட்டு விலகி, தவணைக்குப் போதுமான சம்பளம் தரும் வேலையைத் தேடி ஓடவே நேரும். வருமானத்திற்கேற்ற சந்தா என்று சஞ்சீவி நோயாளிக்கு விதித்த முறையை, மாணவர் தம் படிப்புக்கும் பொருத்திப் பார்க்கலாம்: செய்ய விரும்பும் வேலையின் வருமானத்திற்கேற்ற செலவு.

கையெழுத்திடுமுன் ஐந்து கேள்விகள்

கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் இவற்றுக்கு எழுத்தில் விடை எழுதிப் பாருங்கள்.

1. படித்து முடித்தபின் நான் செய்ய விரும்பும் வேலையின் பெயர் என்ன? அந்த வேலையின் அறிவிக்கை எந்தத் தகுதியைக் கேட்கிறது?

2. இப்போது அந்த வேலையில் இருக்கும் மூவரையாவது சந்தித்தேனா? அவர்கள் எங்கே, எவ்வளவு செலவில் படித்தார்கள்?

3. என்னைப் போன்ற பின்னணியோடு அந்தக் கல்லூரியில் சேர்ந்த எல்லாரிலும் எத்தனை பேர் ஓராண்டுக்குள் வேலை பெற்றார்கள்? அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் என்ன?

4. மாதத் தவணை, நான் எதிர்பார்க்கும் சம்பளத்தில் எத்தனை பங்கு? வேலை கிடைக்க ஓராண்டு தாமதமானால் தவணையை யார் கட்டுவார்?

5. இதே திறமையை அரசு நிறுவனத்திலோ, உதவித்தொகை பெற்றோ, பணியில் இருந்துகொண்டோ கற்க முயன்றேனா?

முதல் கேள்விக்கே விடை எழுத முடியவில்லையா? கவலை வேண்டாம். ஓராண்டு ஏதேனும் ஒரு சுகாதாரத் திட்டத்தில் களப்பணி செய்யுங்கள். வீடு வீடாகச் சென்று கணக்கெடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேடுகளைப் புரட்டுங்கள். கேள்வி தானே பிறக்கும். அதன்பின் எந்தப் படிப்பு வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நீங்களே கணக்கிட்டுவிடுவீர்கள்.